ஆறு மாதத்துக்கு ஒரு கரண்டி: வைட்டமின் ஏ மருந்து பிறந்த கதை

அங்கன்வாடியில் முகாம் நடக்கும் நாளில் மேசைமேல் ஒரு பாட்டில் இருக்கும். அதோடு வரும் சின்ன பிளாஸ்டிக் கரண்டியில் பாதி ஊற்றினால் 1 மில்லி, முழுக்க ஊற்றினால் 2 மில்லி. ஒன்பது மாதக் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியோடு பாதிக் கரண்டி. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக் கரண்டி. மொத்தம் ஒன்பது வேளை. எண்ணெய்ப் பசையான அந்தத் திரவத்தின் ஒவ்வொரு மில்லியிலும் 1 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ இருக்கிறது.

கண்ணுக்கு நல்லது என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் வரிசையில் நிற்கும் தாய்மார்களில் பலர் மனத்தில் இருப்பது வேறு கவலை. "நர்சம்மா, மாசம் தவறாம புள்ளைக்குச் சளி புடிக்குது, நெஞ்சு கட்டிக்குது. இதக் குடுத்தா நிக்குமா?" நியாயமான கேள்வி. நூறு ஆண்டுகளாக மருத்துவர்களும் இதையேதான் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த மருந்தின் வரலாற்றில் பாதி, இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு. விடை கிடைத்த இடங்களில் ஒன்று நம் திருச்சி மாவட்டம்.

கதை தொடங்குவது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், எலிக் கூண்டுகளுக்கு நடுவே. எல்மர் மெக்காலம் என்ற இளம் வேதியியலாளர் அங்கே மாடுகளின் தீவனத்தை ஆராய வேலைக்குச் சேர்ந்தவர். மாட்டை வைத்துச் சோதித்தால் விடை வர ஆண்டுக்கணக்காகும் என்று எண்ணி எலிகளுக்கு மாறினார். விவசாயிகளின் பணத்தில் எலி வளர்ப்பதா என்று மேலிடம் சம்மதிக்கவில்லை. தானே வெள்ளை எலிகளை வாங்கி வந்து வளர்த்தார். எலிகளைப் பார்த்துக்கொண்ட மார்கெரிட் டேவிஸ் முதல் சில ஆண்டுகள் சம்பளமே வாங்கவில்லை. பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேர்த்த தீவனத்தில் எலிகள் சில வாரம் வளர்ந்தன, பிறகு வளர்ச்சி நின்றது. வெண்ணெயிலிருந்தோ முட்டை மஞ்சள் கருவிலிருந்தோ பிரித்தெடுத்த கொழுப்பைச் சேர்த்ததும் மறுபடி வளர்ந்தன. கொழுப்பில் கரையும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது, எல்லாக் கொழுப்பிலும் அது இல்லை என்று இருவரும் 1913இல் எழுதினார்கள். அதே ஆண்டில் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தின் ஆஸ்போர்னும் யேல் பல்கலைக்கழகத்தின் மெண்டலும் இதே முடிவுக்கு வந்தார்கள். அந்த ஏதோ ஒன்றுக்குப் பின்னாளில் 'ஏ' என்ற எழுத்து பெயராயிற்று.

எலியில் கண்டது மனிதக் குழந்தையில் என்ன செய்யும் என்பதை டென்மார்க் காட்டியது. யாரும் திட்டமிட்டு நடத்திய சோதனை அல்ல அது. பால்வளம் நிறைந்த அந்த நாடு தன் வெண்ணெயை நல்ல விலைக்கு வெளிநாட்டுக்கு விற்றது. ஏழைக் குடும்பங்களுக்கு மிஞ்சியது வெண்ணெய் எடுத்த பாலும், தாவர எண்ணெயில் செய்த மார்கரினும். முதல் உலகப் போர்க் காலத்தில், கண் வறண்டு, கருவிழி வெந்து உருகிப் பார்வை போன குழந்தைகள் கோபன்ஹேகன் மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் அவர்களின் கண்ணை மட்டும் பார்த்து அனுப்பிவிடவில்லை. இந்தக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சியும் நிமோனியாவும் காதில் சீழும் மற்றவர்களைவிட அதிகம் வருவதைக் கவனித்து எழுதிவைத்தார். முழுப்பாலும் காட் மீன் ஈரல் எண்ணெயும் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். 1917 இறுதியில் நீர்மூழ்கிக் கப்பல் போரால் வெண்ணெய் ஏற்றுமதி தடைப்பட்டது. மார்கரினுக்கு வேண்டிய எண்ணெயும் வந்துசேரவில்லை. டென்மார்க் அரசு தன் மக்களுக்கே வெண்ணெயைப் பங்கிட்டுக் கொடுத்தது. பங்கீடு இருந்தவரை அந்தக் கண்நோய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கப்பல் ஓடாததால் பிள்ளைகளின் கண் பிழைத்தது. வளத்தை விற்றுவிட்டு ஏழைப் பிள்ளையைப் பட்டினி போட்ட எந்த நாட்டுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு? 1925இல் ஹார்வர்டில் வோல்பாக், ஹவ் என்ற இருவர் வைட்டமின் ஏ கிடைக்காத எலிகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூக்கிலிருந்து நுரையீரல் வரை மூச்சுக்குழலின் உட்புறத்தை ஈரமான சவ்வு ஒன்று மூடியிருக்கும். அதில் சளி சுரக்கும் செல்களும், அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களும் உண்டு. நாம் சுவாசிக்கும் தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டி வெளியே வரும். வைட்டமின் ஏ குறைந்தால் அந்தச் செல்கள் மறைந்து, அவ்விடத்தில் தோலைப்போலக் காய்ந்து தடித்த செல்கள் முளைக்கின்றன. கண்ணின் வெண்விழி வறள்வதும் இதே மாற்றம்தான். மூச்சுக்குழல், உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீர்ப் பாதை எல்லாவற்றிலும் இது நடக்கிறது. கண் வெளியே தெரியும் இடத்தில் இருப்பதால் அங்கே முதலில் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இதைத் தொடர்ந்து 1928இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து கிரீன், மெல்லன்பி என்ற இரு ஆய்வாளர்கள் பெரிய பெயர் ஒன்று சூட்டினார்கள். வைட்டமின் ஏ என்பது தொற்றை எதிர்க்கும் மருந்து என்றார்கள். அவர்களுடைய எலிகள் வைட்டமின் ஏ இல்லாமல் உடம்பெங்கும் சீழ்பிடித்துச் செத்திருந்தன. 1932இல் லண்டனில் ஜோசப் எலிசன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளிடம் பரிசோதித்தார். தட்டம்மை கண்டு மருத்துவமனையில் சேர்ந்த, ஐந்து வயதுக்கு உட்பட்ட 600 குழந்தைகளில் 300 பேருக்கு மட்டும் வைட்டமின் ஏ கொடுத்தார். அந்த 300இல் இறந்தவர்கள் 11. கொடுக்காத 300இல் 26. தட்டம்மையில் குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் அதைத் தொடர்ந்து வரும் நிமோனியா என்பதால் இது பெரிய செய்தி. ஆனால் சில ஆண்டுகளில் சல்பா மருந்துகள் வந்தன, பின்னாலேயே பெனிசிலின். தொற்றுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் எலிசனின் கட்டுரையை உலகம் ஐம்பது ஆண்டுகள் மறந்துபோயிற்று. மருத்துவ வரலாற்றில் எனக்கு ஆறாத வருத்தம் தரும் மறதிகளில் இது ஒன்று. அந்த ஐம்பது ஆண்டுகளில் தட்டம்மைக்குப் பறிகொடுத்த பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை.

நம் பக்கம் என்ன நடந்தது? மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல் சாப்பிடச் சொல்வதும், கண்ணுக்குப் பொன்னாங்கண்ணி என்பதும் இங்கே பாட்டிமார் சொல் வழக்கு. அதில் உண்மை இருந்தது: ஈரலில் வைட்டமின் ஏ நேராகவே இருக்கிறது, கீரையில் உடம்பு அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டிய கரோட்டின் இருக்கிறது. ஈரலும் கீரையும் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கருவிழி உருகி வந்தார்கள். அதன் கண்காணிப்பாளராக இருந்த ரைட், தென்னிந்தியாவில் இந்த நோயைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவர் அய்க்ராய்டும் ரைட்டும் சேர்ந்து, காட் மீன் எண்ணெய்க்குப் பதிலாகச் சிவப்புப் பனை எண்ணெயைக் கொடுத்துப் பார்த்து 1937இல் அதைப் பதிவுசெய்தார்கள். குன்னூர்க் கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

பாட்டிலில் அடைத்துத் தருவதற்கு இன்னொன்று தேவைப்பட்டது. மீன் எண்ணெயில் இருக்கும் அளவு போதாது, அதன் நாற்றத்தைக் குழந்தைகள் தாங்க மாட்டார்கள். சுவிட்சர்லாந்தின் பால் காரர் 1931இல் வைட்டமின் ஏயின் வேதி அமைப்பைக் கண்டறிந்தார். 1947இல் அதே நாட்டின் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ இஸ்லர் அதைச் செயற்கையாக உருவாக்கினார். அதன்பிறகு ஒரு கரண்டியில் மாதக்கணக்குக்கு வேண்டியதை அடக்க முடிந்தது. அப்படி மொத்தமாகக் கொடுப்பதில் பொருள் உண்டா? உண்டு. வைட்டமின் சியைப்போல மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. குதிரில் நெல் கொட்டிவைத்து அறுவடை வரை அளந்து எடுப்பதுபோல, ஈரல் அதைச் சேர்த்துவைத்து மாதக்கணக்கில் தேவைக்கேற்ப வெளியே விடுகிறது.

இந்த எண்ணத்தை ஹைதராபாத் நிறுவனம் கையில் எடுத்தது. அப்போது அதன் தலைவர் சி. கோபாலன். அவரும் அவருடன் இருந்தவர்களும் 1960களில் கிராமத்துக் குழந்தைகளுக்குப் பெரிய அளவாக ஒரே வேளையில் கொடுத்துப் பார்த்தார்கள், கண்நோய் குறைந்தது. 1970இல் இந்திய அரசு ஊட்டக்குறைவால் வரும் பார்வையிழப்பைத் தடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு 2 லட்சம் யூனிட் என்ற கணக்கு அப்போது வந்ததுதான். பாட்டிலும் கரண்டியும் நம் ஊருக்கு வந்துசேர்ந்தன. தொற்றை எதிர்க்கும் மருந்து என்ற பழைய பெயர் யாருக்கும் நினைவில்லை. கண் மருந்து என்றே அதை அறிந்தோம்.

அந்தப் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தவரும் கண் மருத்துவர்தான். ஆல்ஃபிரட் சாமர் 1970களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவில் இருந்தார். மேற்கு ஜாவாக் கிராமங்களில் சில ஆயிரம் குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றரை ஆண்டு பரிசோதித்தார். எந்தக் குழந்தைக்குக் கண்நோய் வருகிறது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். பின்னால் அமெரிக்காவில் உட்கார்ந்து கணக்குகளைப் பார்த்தபோது வேறொன்று உறைத்தது. மாலைக்கண் இருந்த குழந்தைகளில் சிலர் அடுத்த பரிசோதனைக்கு வரவே இல்லை. அவர்கள் இறந்துபோயிருந்தார்கள். இலேசான கண்நோய் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக நான்கு மடங்கு இறந்திருந்தார்கள் என்று 1983இல் எழுதினார். அடுத்த ஆண்டு இன்னொரு கணக்கு: அந்தக் குழந்தைகளுக்கு மூச்சுத் தொற்று இரண்டு மடங்கும் வயிற்றுப்போக்கு மூன்று மடங்கும் வந்திருந்தன.

கோபன்ஹேகனில் பிளாக் கண்டதை இது மறுபடி உறுதி செய்தது. ஆனால் குறைவாக இருப்பவர்களுக்கு நோய் வருகிறது என்பது ஒன்று, குறையை நிரப்பினால் நோய் நிற்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்தறியக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். சுமத்ராவின் ஆச்சே பகுதியில் 450 கிராமங்களில், பாதியில் மட்டும் வருடத்துக்கு இரண்டு வேளை கொடுத்தார்கள். கொடுத்த கிராமங்களில் குழந்தை இறப்பு 34 சதவீதம் குறைந்தது. 1986இல் இது வெளிவந்தபோது பலர் நம்பவில்லை. மற்ற கிராமங்களுக்கு ஒப்பிட மருந்தில்லாத போலித் துளிகூடக் கொடுக்கவில்லையே என்றார்கள்.

இங்கேதான் திருச்சி வருகிறது. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லக்ஷ்மி ரஹமத்துல்லாவும் உடன் பணியாற்றியவர்களும், அப்போதைய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை. பத்தில் ஒரு குழந்தைக்கு மேல் வைட்டமின் ஏ குறைவால் வந்த கண்நோய் இருந்தது. ஊட்டக்குறைவு பெரும்பாலோரிடம் இருந்தது. மொத்தமாக ஒரே வேளை என்ற முறையை விட்டு, உணவில் கிடைக்க வேண்டிய அளவையே வாராவாரம் கொடுத்தார்கள்: 8,333 யூனிட் வைட்டமின் ஏ, சிறிது வைட்டமின் ஈ. மற்றப் பாதிக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஈ மட்டும். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தொண்டர்கள் வாரந்தோறும் வீடுவீடாகப் போய், துளியை ஊட்டிவிட்டு, இந்த வாரம் இருமல் இருந்ததா, காய்ச்சல் இருந்ததா, வயிறு போயிற்றா என்று கேட்டு எழுதினார்கள். 52 வாரம், விடாமல். இந்தக் கதையில் வரும் எத்தனையோ பேராசிரியர்களைவிட, வெயிலில் நடந்து வாராவாரம் கதவைத் தட்டிய அந்தத் தொண்டர்களுக்கே நான் கூடுதல் மரியாதை தருவேன்.

அந்த ஆண்டில் 125 குழந்தைகள் இறந்தார்கள். விபத்து நீங்கலாக 117. வைட்டமின் ஏ பெற்றவர்களிடம் இறப்பு 54 சதவீதம் குறைவு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் நாட்பட்ட ஊட்டக்குறைவு உள்ளவர்களுக்கும் பலன் அதிகம். 1990இல் இது வெளிவந்தது.

அடுத்த ஆண்டு அதே ஆய்விலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. தாய்மார்களின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. வாராவாரம் எழுதிவைத்த இருமல், மூச்சுத் தொற்று, வயிற்றுப்போக்குக் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைக்கும் அதே அளவு சளி பிடித்தது. ஆனால் அந்தப் பிள்ளை பிழைத்தது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நோய் வருவதை அது தடுக்கவில்லை. வந்த நோய் உயிரைக் கொண்டுபோவதைத் தடுத்தது. இருமல் எத்தனை முறை வந்தது என்று மட்டும் எண்ணியிருந்தால் மருந்து வீண் என்று தூக்கி எறிந்திருப்பார்கள்.

கேப் டவுனில் ஹஸ்ஸி, கிளைன் என்ற இரு மருத்துவர்கள் அதே 1990இல் எலிசனின் சோதனையைத் தக்க முறையில் திரும்பச் செய்தார்கள். கடும் தட்டம்மையோடு சேர்ந்த 189 குழந்தைகளில் இறந்தவர்கள் 12 பேர், அவர்களில் 10 பேர் வைட்டமின் ஏ பெறாதவர்கள். பெற்றவர்களின் நிமோனியா ஏறக்குறையப் பாதி நாளில் தேறியது. தட்டம்மை, மூச்சுக்குழல் சவ்வை அழிப்பதோடு உடம்பின் வைட்டமின் ஏ இருப்பையும் வேகமாகக் கரைக்கிறது. அந்த நேரத்தில் நிரப்புவது உயிர் காக்கிறது. தட்டம்மை அல்லாத சாதாரண நிமோனியாவில் அந்தப் பலன் தெரியவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தும் நிமோனியா இறப்பு தெளிவாகக் குறையவில்லை. ஜாவாவில் நடந்த ஒரு சோதனையில், நல்ல ஊட்டத்தோடு இருந்த குழந்தைகளுக்குப் பெரிய அளவு கொடுத்தபோது மூச்சுத் தொற்று கூடவும் செய்தது.

பலன் எங்கும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்த பெரும் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதில் இறப்பு 4 சதவீதம்தான் குறைந்திருந்தது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில். இந்தத் திட்டத்துக்கு வித்திட்ட கோபாலனே பிற்காலத்தில், எல்லாக் குழந்தைக்கும் பெரிய அளவு ஊற்றுவதை எதிர்த்தார். கீரையும் பாலும் தட்டில் வர வழிசெய்யுங்கள் என்றார். எனக்கு அவர் சொன்னதில் பாதி சரியாகப் படுகிறது. குறை ஆழமாக உள்ள இடத்தில் கரண்டி உயிர் காக்கும், குறை நீங்கிய இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஆனால் 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில்கூட, நாலு வயது வரையான இந்தியக் குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் பேருக்கு வைட்டமின் ஏ குறைவு. அந்தப் பிள்ளைகளின் தட்டில் கீரை வரும்வரை பாட்டிலை எடுத்துவிட மனம் ஒப்பவில்லை.

இன்று நகரத்தில் கவலை வேறு மாதிரி. அடிக்கடி சளி பிடித்தால் ரத்தத்தில் வைட்டமின் அளவு பார்க்கிறார்கள், டி குறைவு என்று தாளில் வருகிறது, சிரப் வாங்குகிறார்கள். வைட்டமின் டியும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. எத்தியோப்பியாவில் 1997இல் வெளிவந்த ஆய்வில் நிமோனியாக் குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் பல மடங்கு இருந்தது. ஆனால் காபூலில் கைக்குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1 லட்சம் யூனிட் டி கொடுத்தும் நிமோனியா குறையவில்லை. டொரொன்டோவில் தினம் 2,000 யூனிட் பெற்ற குழந்தைகளுக்கும் 400 யூனிட் பெற்றவர்களுக்கும் குளிர்காலச் சளி ஒரே அளவில்தான் வந்தது. இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது ரத்தத்தில் வைட்டமின் ஏ தானாகவே இறங்கும், கடும் தொற்றில் சிறுநீர் வழியாகவும் போகும். நோய்க்கு நடுவில் எடுத்த அளவை வைத்து, குறைவால்தான் நோய் வந்தது என்று முடிவுகட்ட முடியாது.

ஐந்து ஆறு வயது வரை ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அதற்கு மேல் வந்தால், மூச்சிரைத்தால், எடை ஏறாவிட்டால், மருத்துவர் பார்க்க வேண்டியவை வேறு. வீட்டில் அடுப்புப் புகையும் பீடிப் புகையும் உண்டா, இது ஆஸ்துமாவா, நிமோனியாவுக்கான தடுப்பூசி விடுபட்டதா என்று கேளுங்கள். முகாமில் ஊட்டிய பிறகு கடையில் இன்னொரு வைட்டமின் ஏ பாட்டில் வாங்கி ஊட்டாதீர்கள். ஈரலில் சேர்ந்து தலைவலி, வாந்தி, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பு என்று திரும்பும்.

ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம், அது இருக்கட்டும். ஆனால் அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று பிள்ளையைப் பூட்டி வைக்காதீர்கள். தட்டம்மை கண்ட குழந்தைக்கு வயதுக்கேற்ற அளவில் அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போன மாதம்தான் முகாமில் ஊட்டினோம் என்று யோசிக்க வேண்டாம், மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு அவர் கொடுப்பதை ஊட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தூக்கிக்கொண்டு போங்கள்.